எட்டு நூல் ஓர் அங்குலம்

தேனி மாவட்டம் மயிலாடும்பாறையில் ஒரு புது வீட்டுக்கு நிலை நிறுத்துகிறார்கள். ஆசாரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூக்குக்குண்டின் கயிற்றைப் பார்க்கிறார். "தம்பி, கீழ ஒரு நூலு உள்ள தள்ளு." கையாள் ஆப்பின் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுகிறார். "போதுமாண்ணே?" "இன்னும் அரை நூலு... அம்புட்டுத்தான், விடு." அங்கே யாரும் நூலைப் பிரித்து நீட்டிப் பார்க்கவில்லை. ஆசாரியின் இடுப்பில் தொங்கும் டேப்பில் அப்படி ஒரு சொல் அச்சாகியிருக்கவும் இல்லை. ஆனாலும் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று. மில்லிமீட்டரில் சொன்னால் 3.175.

குறுகிய இடைவெளியைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. திருவிழாக் கூட்டத்தில் எள் விழ இடம் இருக்காது. பேருந்து கவிழ்ந்த செய்தியில் யாராவது ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பியிருப்பார். நல்ல கணக்குப்பிள்ளை எழுதிய பேரேடு இம்மியும் பிசகாது. எள்ளும் மயிரும் இம்மியும் ஒரு காலத்தில் நிஜமான அளவுகளாக இருந்தவை. இன்று அவை பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் இன்னும் தினக்கூலிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பது நூல் ஒன்றுதான். அது இங்கே வந்து சேர்ந்த வழி நெடியது. தானியக் களங்கள், பேன் கிடக்கும் தலைகள், சீனப் பேரரசரின் சபை, ஒரு சிலந்தி வலை என்று எங்கெங்கோ சுற்றுகிறது.

எட்டு என்ற எண்ணில் தொடங்கலாம். ஒரு நூலை எடுத்து நுனியோடு நுனி சேர்த்து மடித்தால் பாதி. இன்னொரு முறை மடித்தால் கால். மூன்றாம் முறை மடித்தால் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் கையும் இதைப் பிசகாமல் செய்யும். அதே நூலைப் பத்துச் சம பங்காக மடிக்கச் சொன்னால் படித்தவர்களே திணறிப் போவோம். கண்ணுக்கும் கைக்கும் பாதி செய்யத்தான் வரும். இந்த ஒரு காரணமே எட்டாம் பங்கைப் பல நூற்றாண்டு காப்பாற்றி வந்திருக்கிறது என்பது என் துணிபு.

நுண்ணளவுக்கு நம் துணைக்கண்டத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று குஜராத்தின் லோத்தலில் அகழ்ந்தெடுத்த தந்த அளவுகோல். சிந்துவெளிக் காலத்தது. 46 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 27 கோடுகள் கீறியிருக்கிறார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 1.7 மில்லிமீட்டர். நம் ஆசாரியின் அரை நூலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இரண்டுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை, தற்செயல்தான். ஆனால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வளவு சிறிய இடைவெளி தேவைப்பட்ட கை ஒன்று இருந்திருக்கிறது.

அடுத்த சாட்சி அர்த்தசாஸ்திரம். இந்த நூல் நம்மை வந்தடைந்ததே ஒரு தற்செயல். பெயர் மட்டும் தெரிந்து பிரதி கிடைக்காமலே பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச்சுவடிக் கட்டில் அது இருந்ததை 1905இல் ஆர். சாமசாஸ்திரி கண்டார். 1909இல் அச்சிட்டார். அதில் ஓர் அளவைப் பட்டியல் வருகிறது. எட்டு பரமாணு சேர்ந்தால் தேர்ச்சக்கரம் கிளப்பும் ஒரு துகள். எட்டுத் துகள் ஒரு ஈர். எட்டு ஈர் ஒரு பேன். எட்டுப் பேன் ஒரு வாற்கோதுமையின் நடுப்பகுதி. எட்டு வாற்கோதுமை ஒரு விரல். அரசாங்கம் நடத்துவது எப்படி என்று பேசும் நூல், அளவைக்குத் தலைப்பேனை ஆதாரமாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மரியாதை கூடுகிறது. எல்லா ஊரிலும், எல்லாக் குடிக்கும், செலவில்லாமல் கிடைக்கும் அளவுகோல் வேறென்ன?

சிற்ப நூல்களில் ஈருக்கு முன்னால் மயிர்நுனியும் சேர்ந்துகொண்டது. தமிழ்க் கணக்கு நூல்களோ பேனை விட்டுவிட்டு வயலுக்கு வந்தன. அணு, தேர்த்துகள், பஞ்சிழை, மயிர், நுண்மணல், கடுகு, எள், நெல், விரல் என்று எட்டெட்டாக ஏறும் படிக்கட்டு அது. பஞ்சின் இழை ஓர் அளவாக ஏறுவதை இங்கே பார்க்கலாம்; நூலுக்கு மூத்த உறவு. இந்தப் பட்டியலைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். நெல்மணிகளை அகலவாட்டில் நெருக்கி அடுக்குங்கள். எட்டு மணி வந்தால் ஏறக்குறைய ஒரு விரற்கடை ஆகிவிடும், கணக்குச் சரி. ஆனால் எட்டு எள் ஒரு நெல்லின் அகலம் என்பது ஒத்துவராது. எள் அவ்வளவு பொடியானது இல்லை. இன்னும் கீழே இறங்கினால், பட்டியல்படி ஒரு மயிர் என்பது நிஜ மயிரில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நெல்வரை கையால் அளந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே மனத்தால் அளந்திருக்கிறார்கள். எட்டால் வகுத்துக்கொண்டே போனால் கண் விட்டுவிட்ட இடத்திலும் எண் விடாது என்பதைக் கண்டுகொண்டவர்களின் வேலை இது.

எண்ணின் இந்தத் துணிச்சல் உச்சத்துக்குப் போனது சோழர் காலத்தில். நில அளவுக்கு நாடெங்கும் கோல் பிடித்த அந்த ஆட்சியில், வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கில் காட்டியிருப்பதாகக் கல்வெட்டறிஞர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வேலியை ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி! இதை எந்தக் கோலால் அளந்தார்கள் என்று வியப்பவர்கள் உண்டு. கோலால் அளக்கவில்லை. நம் பின்னக் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒன்று. அந்தப் பெரிய எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 320ஐ 320ஆல் பெருக்கி, மறுபடி 320, மறுபடி 320, கடைசியில் ஐந்தால் பெருக்கினால் அதே எண் வரும். முந்திரிக்குள் முந்திரியாக வரிக்கணக்கு இறங்கிப் போயிருக்கிறது. இம்மியும் இதே வழியில் பிறந்ததுதான். பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது. இம்மியும் பிசகக் கூடாது என்று அடுத்த முறை யாரிடமாவது சொல்லும்போது, எவ்வளவு கடுமையான நிபந்தனை விதிக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

வாற்கோதுமை மணி மேற்கே வெகுதூரம் போனது. அல்லது அங்கங்கே தானாக முளைத்தது. அரபு நாட்டு அளவைக்காரர்கள் வயிற்றோடு வயிறு ஒட்டி வைத்த ஆறு மணிகளை ஒரு விரல் என்றார்கள். ஒரு மணிக்குக் கோவேறு கழுதையின் மயிர் ஆறு. இங்கிலாந்தின் பழைய சட்டம் மணியைத் திருப்பிப் போட்டது. உலர்ந்து உருண்ட மூன்று மணிகளை நீளவாட்டில் வைத்தால் ஓர் அங்குலம். இந்த இங்கிலாந்து வாற்கோதுமை செத்துவிடவில்லை, நம் வாசலில்தான் கிடக்கிறது. செருப்புக் கடையில் ஏழாம் நம்பர் கடிக்கிறது, எட்டு எடுங்கள் என்கிறோமே, நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் எண் வரிசையில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒன்று. சரியாக ஒரு மணி நீளம்.

ஆங்கிலேயர் மயிரையும் விடவில்லை. அங்குலத்தில் 48இல் ஒன்று மயிரகலம் என்று ஒரு வரையறை அவர்களிடம் இருந்திருக்கிறது. அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்; நிஜ மயிரைவிட ஐந்தாறு மடங்கு தடிமன். நம்மவர் மயிரை அளவுக்கு மீறி மெலிய வைத்தார்கள், அவர்கள் பெருக்க வைத்தார்கள். மயிரிழையில் தப்பியதை அவர்களும் மயிரகலத்தில் தப்பியதாகவே சொல்கிறார்கள். பூனை மீசையின் அளவில் ஜெயித்தேன் என்பார்கள். பல்லின் தோல் அளவில் பிழைத்தேன் என்பார்கள். அது பைபிளில் யோபுவின் புலம்பலிலிருந்து எடுத்தது. குதிரைப் பந்தயத்தில் முடிவையே குதிரையின் உடம்பால் அளந்து அறிவிப்பார்கள். ஒரு மூக்கு, குட்டைத் தலை, தலை, கழுத்து என்று அங்கே வெற்றி தோல்விக்கு அளவு உண்டு. சென்னைக் கிண்டியில் ஓடிய குதிரைகளுக்கும் அதே மூக்குக் கணக்குதான்.

இனி சிலந்திக்கு வருவோம். 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் தொலைநோக்கி செய்து வானம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குழலுக்குள் ஒரு சிலந்தி இழை ஓட்டியிருந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தால் நட்சத்திரமும் இழையும் ஒரே தெளிவோடு தெரிந்தன! தொலைவில் உள்ள பொருளின் மேல் கோடு போட்டு அளக்க முடியும் என்று அந்த நிமிடம் அவருக்குப் பிடிபட்டது. இழைக்குப் பதில் திருகால் நகரும் இரண்டு விளிம்புகளை வைத்து, திருகு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி நுண்ணிய அளவெடுக்கும் கருவியைச் செய்தார். 1644இல் உள்நாட்டுப் போரில் மார்ஸ்டன் மூரில் உயிரிழந்தார். அவருடைய யோசனை நண்பர்களின் கடிதங்களில் தங்கிப் பிழைத்தது. பிற்காலத்தில் நில அளவைக் கருவிகளின் கண்ணாடிக்குள் குறுக்குக் கோடாகச் சிலந்தி நூலையே எடுத்து ஒட்டினார்கள். நூலடித்துக் கோடு போடும் ஆசாரிகள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட கருவி ஒன்றைக் கொண்டு தென்னிந்தியாவை அளந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் அவர் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். அதற்கு அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலிக்குத் தனி வரலாறு உண்டு. 1793இல் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருட்களில் அதுவும் ஒன்று. சீன அரசவைக்கு இந்தச் சாமான்களில் நாட்டமில்லை. குழுவோடு போன டின்விடி என்ற அறிவியலாளர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து விலைக்கு வந்தது. பெய்ஜிங்கில் வேண்டாமென்று ஒதுக்கிய சங்கிலி, பரங்கிமலையில் இந்தியாவின் முதல் பெரும் நில அளவையைத் தொடங்கிவைத்தது.

லாம்டனுக்கு அங்குலம் போதவில்லை. வெயிலில் எஃகு நீளும். ஆகவே மரத்தொட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு நீண்டிருக்கும் என்று கழித்துக்கொண்டே போனார். நூறடிச் சங்கிலி ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு நீளுவது அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நூலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் குமரிமுனை போய்ச் சேருவதற்குள் பிழை பெருகிவிடும் என்பது அவர் கவலை. அவருடைய அரை டன் கோணமானியோ இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் சுத்தியலும் கையுமாக நெளிவை எடுத்துவிட்டு வெளியே வந்தார். வேலியை நுணுக்கி நுணுக்கி எழுதிய சோழனின் கோயிலில், வட்டத்தின் ஒரு நெளிவுக்காக ஒரு மனிதர் ஆறு வாரம் போராடியது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம்.

அடியும் அங்குலமும் கம்பம் பள்ளத்தாக்கில் நிரந்தரமாகக் குடியேறியது பெரியாறு அணையோடு. பென்னிகுவிக் 1887இல் தொடங்கி 1895இல் முடித்த அணை. அதன் நீர்மட்டத்தை இன்றும் அடியில்தான் சொல்கிறோம். 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த எண்ணை நம்பியிருக்கிறது. காலைப் பேப்பரில் விவசாயிகள் முதலில் தேடுவது அதைத்தான். 1979இல் மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. அந்த நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்டபோது 35 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. இரண்டு மாநிலங்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாதாடிய அந்த ஆறடி, ஆசாரி கணக்கில் 576 நூல். ஒன்று கவனியுங்கள். அணைக்கணக்கில் அடியைப் பத்தாகவும் நூறாகவும் வெட்டுகிறார்கள். நாற்பது புள்ளி, ஐம்பது புள்ளி என்று எழுதுகிறார்கள். கரையோரத்தில் வீடு கட்டுகிறவர் அதே அடியைப் பன்னிரண்டாகவும், பிறகு எட்டாகவும் வெட்டுகிறார். ஒரே ஊரில் இரண்டு கணிதம்.

இதற்கிடையே ஐரோப்பாவில் அங்குலத்தை நுணுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. திருகுகளுக்குப் பொது மரை வேண்டும் என்று 1841இல் எழுதிய ஜோசப் விட்வொர்த், 1851 லண்டன் பொருட்காட்சியில் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒன்றைக் காட்டும் கருவியை வைத்தார். நம் இம்மிக்குப் பக்கத்து வீடு! 1848இல் பாரிஸில் பால்மர் கையடக்கத் திருகு அளவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1867 பாரிஸ் பொருட்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கர்களான பிரவுனும் ஷார்ப்பும் ஊருக்குப் போய் அதே மாதிரி செய்து உலகம் முழுக்க விற்றார்கள். பிளஸ் ஒன் ஆய்வகத்தில் கம்பியின் தடிமன் பார்க்க நாம் சுழற்றிய திருகு அளவி அந்த நகலின் வாரிசுதான். இந்தக் காலத்தில்தான் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று பட்டறைகளின் சில்லறைக் காசானது. டீசல் இன்ஜினின் வால்வு இடைவெளியில் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு இழுத்துப் பார்க்கும் மெக்கானிக், எட்டு தவ், பத்து தவ் என்று சொல்வது அதைத்தான்.

அங்குலம் தன் சுதந்திரத்தை இழந்ததும் ஒரு வியாபாரத்தால். ஒவ்வொரு நாட்டு அங்குலமும் துளித்துளி வேறாக இருந்தது. ஸ்வீடனில் அளவுக்கட்டைகள் செய்துவந்த யோஹான்சன், எந்த நாட்டுக்கு எந்த அங்குலம் என்று அல்லாடாமல், 25.4 மில்லிமீட்டர் என்ற வசதியான எண்ணுக்குக் கட்டைகளைச் செய்து விற்றார். தொழிற்சாலைகள் அவருடைய கட்டைகளை வாங்கின. அதனால் அவருடைய அங்குலத்தையும் வாங்கியாயிற்று. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒப்பந்தம் செய்தபோது அதே 25.4ஐ அதிகாரமாக்கின. அன்றிலிருந்து நம் ஆசாரியின் நூலும், அவரைக் கேட்காமலே, துல்லியமாக 3.175 மில்லிமீட்டர் ஆகிவிட்டது.

இந்தியா அதற்கு முன்பே, 1956இல், மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றிவிட்டது. சில இடங்களில் மில்லிமீட்டர் முழு வெற்றி பெற்றது. போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் போய்ப் பாருங்கள். காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மி.மீ.க்கு மேல் நிற்பது தனி, ஏழிலிருந்து எட்டு தனி, ஆறிலிருந்து ஏழு தனி என்று பிரிக்கிறார்கள். பச்சை நிறமும் மணமும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு மில்லிமீட்டர் பருமன் கிலோவுக்கான விலையை மாற்றிவிடும். அங்கே நூலுக்கு வேலை இல்லை. உருண்டைக் காயை யாரும் மடித்துப் பாதி செய்வதில்லை.

கட்டட வேலையில் கதை வேறு. பள்ளிக்கூடங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மில்லிமீட்டர்தான் சொல்லித்தருகிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்தவர்களும் வேலைக்கு இறங்கிய மறுநாள் நூலுக்கு மாறிவிடுகிறார்கள். இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. குமுளியைத் தாண்டினால் கேரளத்து ஆசாரியும் நூல் என்றே சொல்கிறார். இலங்கையில் சிங்களத் தச்சரும் அங்குலத்துக்கு எட்டு நூல்தான் எண்ணுகிறார். இந்திக்காரர்களிடம் அதே எட்டில் ஒன்றுக்குப் பெயர் சூத். அங்கேயும் நூல் என்றுதான் பொருள். வடக்கேயிருந்து நம்மூர்க் கட்டடங்களுக்கு வந்திருக்கும் தொழிலாளிக்குத் தமிழ் வராது, மேஸ்திரிக்கு இந்தி வராது. ஆனால் டேப்பின் மேல் நகத்தை வைத்து ஒருவர் மூணு நூல் என்றதும் மற்றவர் தீன் சூத் என்று தலையாட்டுகிறார். மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை.

மில்லிமீட்டரும் நூலும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு; வீடு கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கம்பிக்கடையில் 10 மி.மீ. முறுக்குக்கம்பிக்கு மூணு நூல் என்றும், 12 மி.மீ. கம்பிக்கு நாலு நூல் என்றும், 16 மி.மீ. கம்பிக்கு அஞ்சு நூல் என்றும் பேர். ரசீதில் மில்லிமீட்டர் இருக்கும், வாயில் நூல் இருக்கும். அஞ்சு நூல் 15.875 என்பதால் 16இல் கிட்டத்தட்டச் சரியாக விழுகிறது. மூணு நூல் 9.5 என்பதால் 10 மி.மீ. வாங்குகிறவருக்கு லாபம். நாலு நூல்தான் இடிக்கிறது. அசல் நாலு நூல் அரை அங்குலம், 12.7 மி.மீ. கடையில் கிடைப்பது 12. குறைவது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு நூலில் கால்வாசியும் தேறாது. ஆனால் கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி சுமார் 10.7 கிலோ இருக்கும். அசல் நாலு நூலாக இருந்தால் 11.9 கிலோ இருக்க வேண்டும். பழைய அரை அங்குலக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தூணுக்கு நாலு நூல் கம்பி என்று வாயால் சொல்லி வாங்குகிறவர், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றேகால் கிலோ இரும்பு குறைவாகவே வீட்டுக்குள் வைத்துக் கட்டுகிறார்.